அம்மை என்பது ஒரு நோய் அல்ல: குழந்தைகளின் காய்ச்சலையும் தடிப்பையும் பிரித்தறிவது எப்படி?

2022 மே மாதத்தில் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் காய்ச்சலும் சிவந்த கொப்புளங்களும் பரவின. கொப்புளங்கள் சிவந்து பெரிதாவதைக் கண்டு அதற்குத் 'தக்காளிக் காய்ச்சல்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே வாளையாறு எல்லையில் தமிழக சுகாதாரத் துறையினர் கேரளத்திலிருந்து வந்த குழந்தைகளைப் பரிசோதிக்கத் தொடங்கினர். புதிய வைரஸ் ஒன்று வந்துவிட்டதாக வீடுகளில் பேச்சு எழுந்தது. அதே ஆண்டில், கேரளத்துக்கு வந்துவிட்டு பிரிட்டன் திரும்பிய இரண்டு குழந்தைகளுக்கு இதே போன்ற கொப்புளங்கள் தோன்றியபோது, அவற்றிலிருந்து எடுத்த மாதிரியில் கிடைத்தது காக்ஸாக்கி ஏ16 என்ற வைரஸ். கை, கால், வாய் நோயை உண்டாக்கும், மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக அறிந்திருந்த வைரஸ் அது. நோய் பழையது, பெயர்தான் புதியது.

குழந்தைகளின் தொற்றுநோய்களைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பகுதி இவ்வாறு பெயரில்தான் தொடங்குகிறது. ஆகவே பெயர்களைச் சரிசெய்துகொண்டு, பிறகு அடையாளங்களுக்குப் போவதே வசதி.

பெயர்கள் செய்யும் குழப்பம்

தமிழில் 'அம்மை' என்ற ஒரே சொல் குறைந்தது ஐந்து நோய்களைச் சுட்டுகிறது. வைசூரி எனப்பட்ட பெரியம்மை 1977இல் இந்தியாவிலிருந்தும், 1980இல் உலகத்திலிருந்தும் ஒழிந்துவிட்டதாகக் கணக்காயிற்று. மீதமுள்ளவை இன்றும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் சின்னம்மை என்பது கொப்புளம் வரும் நோய். தட்டம்மை அல்லது மணல்வாரி என்பது மணல் தூவியதுபோல் சிறு தடிப்புகள் வரும் வேறொரு நோய். ரூபெல்லாவை ஜெர்மன் தட்டம்மை என்பார்கள். கன்னம் வீங்கும் நோய்க்குப் பொன்னுக்கு வீங்கி, புட்டாளம்மை என்ற பெயர்கள் உண்டு.

இலங்கையில் இதே நோய்களின் பெயர்கள் வேறு. அங்கே கொப்புளிப்பான் என்பது தமிழ்நாட்டின் சின்னம்மை; சின்னமுத்து என்பது தமிழ்நாட்டின் தட்டம்மை; கூகைக்கட்டு என்பது பொன்னுக்கு வீங்கி. சின்னம்மையும் சின்னமுத்தும் காதுக்கு ஒன்றுபோல் ஒலித்தாலும் அவை இரண்டு தனி நோய்கள் என்பதை, கடல் தாண்டி உறவினரிடம் தொலைபேசியில் ஆலோசனை கேட்பவர்கள் கவனத்தில் வைப்பது நல்லது. கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்தப் பிழை சாதாரணமானது அல்ல.

இது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கலும் அல்ல. பெரியம்மையையும் தட்டம்மையையும் தெளிவாகப் பிரித்து எழுதிய பெருமை, சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பாரசீக மருத்துவர் அல்-ராஸியைச் சேரும். அதற்குப் பிறகும் ஐரோப்பிய மருத்துவர்கள் தடிப்பு நோய்களைப் பிரிக்க முடியாமல் திணறி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றுக்கு எண்களையே சூட்டினார்கள். அந்த வரிசையின் 'ஐந்தாம் நோய்', 'ஆறாம் நோய்' என்ற பெயர்கள் இன்னமும் மருத்துவர்களின் வழக்கில் உள்ளன.

தோலைப் பார்க்கும் முன் கேட்க வேண்டியவை

ஒரு தடிப்பை மட்டும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி "இது என்ன?" என்று கேட்டால், அனுபவமுள்ள மருத்துவரும் உறுதியாகச் சொல்லத் தயங்குவார். தடிப்பின் தோற்றத்தைவிட, அறிகுறிகள் எந்த வரிசையில் வந்தன என்பதே அதிகம் சொல்லும். கேட்க வேண்டியவை நான்கு.

1. காய்ச்சல் முதலில் வந்ததா, தடிப்பு முதலில் வந்ததா? இரண்டுக்கும் இடையே எத்தனை நாள்? தட்டம்மையில் மூன்று நான்கு நாள் காய்ச்சலுக்குப் பிறகே தடிப்பு தோன்றும். சின்னம்மையில் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே வரும். ஆறாம் நோய் எனப்படும் ரோசியோலாவில், பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு மூன்று நான்கு நாள் கடும் காய்ச்சல் அடித்து, அது விட்ட பிறகே உடம்பில் தடிப்பு வரும். அதாவது தடிப்பைக் கண்டு பெற்றோர் பதறும்போது நோய் ஏறத்தாழ முடிந்திருக்கும்.

2. தடிப்பு எங்கே தொடங்கி எங்கே போயிற்று?

3. அது தட்டையான புள்ளியா, தொட்டால் தெரியும் தடிப்பா, நீர் கோத்த கொப்புளமா?

4. உடன் வந்தவை எவை? கண் சிவந்ததா, இருமல் இருந்ததா, வாயில் புண் உண்டா, குழந்தை சாப்பிட மறுக்கிறதா?

இவற்றோடு தடுப்பூசி அட்டையும், கடந்த மூன்று வாரங்களில் குழந்தை யாருடன் பழகியது என்ற தகவலும் சேர்ந்தால், பரிசோதனைக் கூடத்துக்குப் போகும் முன்பே விடையின் பாதி கையில் இருக்கும். மூன்று வாரம் என்பதற்குக் காரணம் உண்டு. கிருமி உடலில் புகுந்து அறிகுறி வெளிப்படும் வரையுள்ள காலத்தை நோயரும்பு காலம் என்பார்கள். சின்னம்மைக்கு அது 10 முதல் 21 நாள், தட்டம்மையில் தடிப்பு தோன்றும் வரை ஏறத்தாழ இரண்டு வாரம், கை, கால், வாய் நோய்க்கு 3 முதல் 6 நாள்.

தட்டம்மை: சளிக் காய்ச்சல் போல் வந்து ஏமாற்றுவது

தட்டம்மையின் முதல் மூன்று நாட்களில் அதை யாரும் தட்டம்மை என்று நினைப்பதில்லை. கடுமையான காய்ச்சல், வறண்ட இருமல், மூக்கொழுகல், வெளிச்சத்தைக் கண்டால் கூசும் சிவந்த கண்கள் ஆகியவையே இருக்கும். இந்தக் கட்டத்தில் கன்னத்தின் உட்புறத்தில், கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, சிவந்த பரப்பில் உப்புக் கல் சிதறியதுபோல் வெண்புள்ளிகள் தெரியலாம். 1896இல் இவற்றை விவரித்த நியூயார்க் குழந்தை மருத்துவரின் பெயரால் இவை காப்லிக் புள்ளிகள் எனப்படுகின்றன. அவை ஓரிரு நாளில் மறைந்துவிடும் என்பதால், பார்க்கத் தவறினால் அந்தத் தடயம் போய்விடும்.

பிறகு காதுக்குப் பின்னாலும் மயிர்க்கோட்டிலும் தடிப்பு தொடங்கி, முகம், மார்பு, வயிறு, கால் என்று மேலிருந்து கீழாக மூன்று நாட்களில் இறங்கும். தடிப்பு வந்ததும் காய்ச்சல் தணிவதற்குப் பதிலாக இன்னும் ஏறுவது தட்டம்மையின் இயல்பு. தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்து, தோன்றிய பின் நான்கு நாள் வரை நோய் மற்றவருக்குப் பரவும். நோயாளி எழுந்து போன அறையின் காற்றில்கூட இரண்டு மணி நேரம் வரை வைரஸ் நிலைத்திருக்கும். எதிர்ப்பாற்றல் இல்லாத பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேரைப் பற்றிக்கொள்ளும். மருத்துவமனையின் நெரிசலான காத்திருப்புக் கூடத்தில் இத்தகைய குழந்தையை மற்றக் குழந்தைகளோடு உட்கார வைப்பது ஏன் தவறு என்பது இதிலிருந்து விளங்கும். போகும் முன் தொலைபேசியில் சொல்லிவிட்டால் தனி அறையில் அமர்த்த வாய்ப்பு உண்டு.

தடிப்பு தானே மறைந்துவிடுவதால், தட்டம்மை லேசான நோய் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அந்த எண்ணம் தவறானது. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, நிமோனியா, தட்டம்மையால் குழந்தைகள் இறப்பதற்கு முதன்மையான காரணம் அதுதான். இரண்டு, எதிர்ப்பாற்றலின் மறதி. முன்பு வந்த நோய்களை எதிர்த்து உடல் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பு அணுக்களைத் தட்டம்மை வைரஸ் அழிக்கிறது. 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, தடுப்பூசி போடாத குழந்தைகளிடம் தட்டம்மைக்குப் பின் 11 முதல் 73 சதவீதம் வரை எதிர்ப்புப் புரதங்கள் குறைந்திருந்ததைக் காட்டியது. 'தட்டம்மை வந்து போன பிறகு பிள்ளைக்கு அடிக்கடி சீக்கு வருகிறது' என்று பாட்டிமார் சொல்லிவந்தது வெறும் மனப்பிரமை அல்ல என்பது இதனால் தெரிகிறது. மூன்று, அரிதாக வந்தாலும் ஏறக்குறைய எப்போதும் உயிரைப் பறிக்கும் எஸ்எஸ்பிஇ என்ற மூளை நோய். அது தட்டம்மை வந்து பல ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும்.

தட்டம்மை வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. ஆனால் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் வைட்டமின் ஏ, அடுத்தடுத்த இரண்டு நாட்களில் வயதுக்கேற்ற அளவில் கொடுக்கப்படும்போது, கண் பார்வை இழப்பையும் பிற சிக்கல்களையும் குறைக்கிறது. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஒரு வேளைக்கு 2,00,000 அலகு. ஆறு முதல் பதினோரு மாதம் வரை 1,00,000 அலகு. இதைக் கொடுக்க வேண்டியவர் மருத்துவர். கடையில் வாங்கித் தாமே ஊட்டினால் மிகையாகி நஞ்சாகலாம்.

இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் சேர்ந்த எம்ஆர் ஊசி 9 முதல் 12 மாதத்துக்குள் ஒன்றும், 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவதும் போடப்படுகிறது. 2017 பிப்ரவரியில் இந்த ஊசியை முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று; அப்போது வாட்ஸ்அப் வதந்திகளால் பல பெற்றோர் பள்ளி முகாம்களுக்குப் பிள்ளைகளை அனுப்பவே தயங்கினார்கள். ஊசி விட்டுப்போகும் இடத்தில் நோய் உடனே திரும்பிவிடும் என்பதற்கு 2022இன் இறுதியில் மும்பையில் ஏற்பட்ட பரவலும், 2019இல் தட்டம்மையை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்ட இலங்கையில் 2023இல் அது மீண்டும் தோன்றியதும் சான்றுகள்.

சின்னம்மை: எல்லாப் பருவமும் ஒரே நேரத்தில்

சின்னம்மையின் கொப்புளம் சிவந்த தளத்தின் மேல் பனித்துளி நிற்பதுபோல் இருக்கும். மார்பிலும் முதுகிலும் வயிற்றிலும் அதிகமாகவும், கை கால்களில் குறைவாகவும் காணப்படும். தலைமயிருக்குள்ளும் வாய்க்குள்ளும் கூட வரும். மிக நம்பகமான அடையாளம் இதுதான்: புள்ளி, நீர்க்கொப்புளம், உலர்ந்த பொருக்கு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் அருகருகே இருக்கும். காரணம், கொப்புளங்கள் அலை அலையாக மூன்று நான்கு நாட்கள் வந்துகொண்டிருப்பதே. பெரியம்மையில் இதற்கு நேர்மாறாக, எல்லாக் கொப்புளங்களும் ஒரே பருவத்தில், முகத்திலும் கை கால்களிலும் அடர்ந்து வரும்.

வேப்பிலை கட்டி, வீட்டுக்கு அந்நியர் வராமல் பார்த்துக்கொள்ளும் வழக்கத்தைக் கேலி செய்வதற்கில்லை. நோயுள்ள வீடு என்று தெருவுக்கே அறிவித்து, நோயாளியைத் தனிமைப்படுத்தும் வேலையை அது செய்கிறது. ஆபத்து இருப்பது 'அம்மை இறங்கும் வரை மருத்துவரிடம் போகக் கூடாது' என்ற கட்டுப்பாட்டில்தான். 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், பெரியவர்களுக்கும், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் அசைக்ளோவிர் என்ற மருந்து பயன்படும். ஆனால் கொப்புளம் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் சிறக்கும். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகு அழைத்து வந்தால் அந்த வாய்ப்பு கடந்துபோயிருக்கும்.

ஆஸ்பிரின் கலந்த மாத்திரைகளைச் சின்னம்மையில் கொடுக்கவே கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய்க்குறி வரக்கூடும். ஐபுபுரூபென் மருந்தையும் தவிர்க்க வேண்டும். தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறினாலோ, ஒரு கொப்புளத்தைச் சுற்றிலும் தோல் சூடாகி வீங்கி வலித்தாலோ, அது பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். நடந்துகொண்டிருந்த குழந்தை தள்ளாடினால் மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம். இவை காத்திருக்கும் நேரம் அல்ல.

நோய் தீர்ந்த பிறகும் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடந்து, பல ஆண்டுகள் கழித்து அக்கியாக வெளிவரும். அக்கி வந்த தாத்தாவிடமிருந்து, தடுப்பூசி போடாத பேரக்குழந்தைக்குச் சின்னம்மை தொற்றுவது இதனால்தான்.

கை, கால், வாய் நோய்

தக்காளிக் காய்ச்சல் என்ற பெயரில் பயமுறுத்தியது இதுவே. காக்ஸாக்கி ஏ16, ஏ6, எண்டெரோவைரஸ் 71 ஆகியவை இதன் பொதுவான காரணிகள். லேசான காய்ச்சல், பிறகு நாக்கிலும் உள்வாயிலும் புண்கள், அதன்பின் உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் நீள்வட்டமான சிறு கொப்புளங்கள் என்று வரிசை அமையும். சின்னம்மை நடு உடலைத் தேடும். இது ஓரங்களைத் தேடும். ஏ6 வகையில் சில வாரங்கள் கழித்து விரல் நகங்கள் கழன்று விழுவதும் உண்டு. பார்க்கப் பயமாக இருந்தாலும் நகம் மீண்டும் வளர்ந்துவிடும்.

வாய்ப்புண் வலியால் குழந்தை நீர் குடிக்க மறுத்து உடல் வறண்டுபோவதே இதில் பெரும்பாலும் வரும் சிக்கல். ஆறின கஞ்சி, மோர், இளநீர் போன்றவை எளிதில் இறங்கும்; புளிப்பும் காரமும் எரியும். குறிப்பாக எண்டெரோவைரஸ் 71 சில நேரம் மூளையைத் தாக்கும் என்பதால், தூக்கத்தில் அடிக்கடி திடுக்கிட்டு உதறும் குழந்தையை அலட்சியப்படுத்தக் கூடாது. இந்த வைரஸ்களுக்கு மேலுறை இல்லாததால் சானிடைசர் அவ்வளவாகப் பலிக்காது. சோப்பு போட்டுக் கழுவுவதே வழி. குணமான பின்னும் வாரக்கணக்கில் மலத்தில் வைரஸ் வெளியேறுவதால், அணையாடை மாற்றுபவரின் கைகளே முக்கியம்.

பொன்னுக்கு வீங்கி

காதுக்கு முன்னும் கீழும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கி, காது மடல் மேலே தள்ளப்பட்டுத் தெரியும். மெல்லும்போதும் புளிப்பு உண்ணும்போதும் வலிக்கும். ஒரு பக்கம் மட்டும் வீங்குவதும் உண்டு. தங்கச் சங்கிலி அணிவித்தால் இறங்கும் என்ற நம்பிக்கை பெயரிலேயே இருக்கிறது; வீக்கம் ஒரு வாரத்தில் தானே வடிவதால் அந்தப் புகழ் சங்கிலிக்குப் போய்ச் சேர்ந்தது. விதைப்பை வீக்கமும் காது கேளாமையும் இதன் பின்விளைவுகள். எம்ஆர் ஊசியில் இந்த நோய்க்கான பகுதி இல்லை என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. அட்டையில் எல்லா ஊசியும் போட்டிருந்தும் பொன்னுக்கு வீங்கி வருவதன் காரணம் அதுவே. தனியார் மருத்துவமனைகளில் போடப்படும் எம்எம்ஆர் ஊசியில் அது உண்டு. சின்னம்மை ஊசியும் அரசுத் திட்டத்தில் இல்லை.

அம்மை போலத் தோன்றும், அம்மை அல்லாதவை

மழைக்காலத்துக் காய்ச்சலும் தடிப்பும் டெங்குவாக இருக்கலாம். அதில் தலைகீழான ஒரு விதி உள்ளது: காய்ச்சல் விடும் நேரமே ஆபத்தான நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு தணிந்ததும், சிலருக்கு இரத்த நாளங்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். 'காய்ச்சல் விட்டுவிட்டது' என்று நிம்மதியாகும் அதே பொழுதில், குழந்தைக்கு விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், குளிர்ந்த கை கால், சோர்வு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது போதாது. இரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்பதே கசிவைக் காட்டும். டெங்கு சந்தேகம் உள்ள வரை பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மருந்து கூடாது. அதன் அளவும் வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்தே முடிவாகும். ஒரே பெயருள்ள சிரப் வெவ்வேறு வீரியங்களில் விற்கப்படுவதால், போன முறை கொடுத்த அதே மூடி அளவு இந்த முறை இரட்டிப்பாகிவிடலாம்.

ஐந்து நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலில், அக்குள், இடுப்பு மடிப்பு, காதுக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோல் வலியற்ற கரும்பொருக்கு ஒன்று இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தால் அது ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். புதர்களில் வாழும் நுண் உண்ணிகளின் கடியால் வரும் இது, தமிழ்நாட்டில் அரிதானது அல்ல. டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கொடுத்தால் ஓரிரு நாளில் அடங்கும், விட்டுவிட்டால் உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும். குழந்தையின் உடையை முழுவதும் களையாமல் செய்யும் பரிசோதனையில் இந்தத் தடயம் தப்பிவிடும்.

பாடநூல் படங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. நம் குழந்தைகளின் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் தட்டம்மை சிவப்பாகத் தெரியாமல், சற்றுக் கருமையாகவோ ஊதாவாகவோ, சில நேரம் தடவினால் மட்டுமே உணரும் சொரசொரப்பாகவோ இருக்கும். உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணின் வெண்பகுதி, வாயின் உட்புறம் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது.

உடனே புறப்பட வேண்டிய நேரங்கள்

நோயின் பெயர் தெரியாவிட்டாலும் கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தால் காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 ஆகிய எண்களில் ஆம்புலன்ஸ் அழைக்கலாம்.

1. தாய்ப்பாலோ நீரோ குடிக்க முடியாத நிலை, அல்லது குடித்தது அனைத்தையும் வாந்தி எடுப்பது.
2. வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், கழுத்து விறைப்பு.
3. வேகமான மூச்சு: குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்டால் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 ஆகிய எண்ணிக்கைகளை எட்டினால் அது வேகமான மூச்சு.
4. கண்ணாடித் தம்ளரை மேலே வைத்து அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள், காய்ச்சலோடு சேர்ந்து.
5. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் காய்ச்சல்.
6. ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்காதது.

பள்ளியும் வீட்டில் உள்ள கர்ப்பிணியும்

தட்டம்மை வந்த குழந்தை தடிப்பு தோன்றி நான்கு நாள் முடியும் வரையும், பொன்னுக்கு வீங்கி வந்த குழந்தை வீக்கம் தொடங்கி ஐந்து நாள் வரையும், சின்னம்மை வந்த குழந்தை கடைசிக் கொப்புளமும் பொருக்காகும் வரையும் பள்ளிக்குப் போகக் கூடாது. பொருக்கு உதிரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கணக்கு மாறும். ரூபெல்லா குழந்தைக்கு மூன்று நாள் லேசான தடிப்பும், காதுக்குப் பின்னும் பிடரியிலும் நெறிக்கட்டும்தான்; பல நேரம் யாரும் கவனிப்பதே இல்லை. ஆனால் கருவுற்ற முதல் 12 வாரங்களில் தாய்க்கு அது தொற்றினால், கருவிலுள்ள குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படும் வாய்ப்பு 90 சதவீதம் வரை உண்டு. இந்தத் தொடர்பை 1941இல் முதலில் கண்டறிந்தவர், பிறவிக் கண்புரையோடு அடுத்தடுத்துக் குழந்தைகள் வருவதைக் கவனித்த ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக். ரூபெல்லா ஊசியைக் கர்ப்ப காலத்தில் போட முடியாது. கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே போட்டிருக்க வேண்டும். சின்னம்மை வந்த பிள்ளையோடு பழகிவிட்ட கர்ப்பிணி, தமக்கு அது முன்பு வந்ததா என்று தெரியாவிட்டால், கொப்புளம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எதிர்ப்பாற்றல் இல்லை என்று தெரிந்தால் எதிர்ப்புப் புரத ஊசி கொடுக்கப்படும். அதற்கு இருக்கும் கால அவகாசம் பத்து நாட்கள்தான்.